பதினோராவது வரி

2014ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பத்தொன்பதாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல். ஒன்றரை மணிக்கு மேல் காற்று வலுத்தது. இரண்டு மணிக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் வரிசையில் இருந்த ஆறு தொழிற்சாலைகளிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் போனது.

இந்தச் சிறப்பு மலரைத் தொகுக்கும் நண்பர் என் முதல் பிரதியில் மேலே உள்ள பத்தியைச் சுற்றிக் கோடு போட்டு, "தேதி, மணி, மழையெல்லாம் எதற்கு, நேராக விஷயத்துக்கு வரலாமே" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். கோட்டை அழித்துவிட்டு அப்படியே மறுபடி அனுப்பினேன். மழை இல்லையென்றால் மின்சாரம் போயிருக்காது. மின்சாரம் போகவில்லையென்றால் அந்த மூடியைக் கையால் திறந்திருக்க மாட்டார்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று பார்ப்பதுதான் எனக்குப் பாதிக்கு மேற்பட்ட சர்வீஸில் சோறு போட்ட வேலை. இந்த ஒரு விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையில் ரப்பர் குழாய் செய்வார்கள். 1991இல் நேர அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவது வேலை. ஏழு வருடம் அதைச் செய்தேன். பிறகு தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒவ்வொரு வேலைக்கும் தமிழில் வழிமுறைத் தாள் வேண்டும் என்றார்கள். பி.ஏ. படித்தவன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டும் என் எழுத்து. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. கீழே "தயாரித்தவர்" என்ற கட்டத்தில் என் சுருக்கொப்பம் மட்டும் இருக்கும். "ஒப்புதல் அளித்தவர்" என்ற கட்டத்தில் எங்கள் மேலாளர் குணசேகரனின் கையெழுத்து இருக்கும்.

குணசேகரன் படிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அவரைப் போல் படிக்கிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தாளைக் கொடுத்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். கதவைச் சாத்தச் சொல்வார். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திப் படிப்பார். எதையும் அடிக்க மாட்டார், மாற்றி எழுத மாட்டார். பிடிக்காத வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். என்ன குறை என்று கேட்டால் சொல்ல மாட்டார். "உங்க எழுத்து. நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்பார். என் முதல் தாளில் பதினேழு வரிகள், பத்தொன்பது புள்ளிகள். இரண்டு வரிகளுக்கு இரட்டைப் புள்ளி. எரிச்சலில் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஆனால் பத்தொன்பது புள்ளிகளுக்கும் காரணம் இருந்தது. நான்கு நாட்களில் பதினெட்டைக் கண்டுபிடித்தேன். மீதி ஒன்று ஏன் என்று இன்றுவரை தெரியாது.

தாளைச் சோதிக்கும் முறையை நாங்கள் இருவரும் சேர்ந்து உண்டாக்கினோம். தினமும் செய்கிற வேலைக்கு யாரும் தாளைப் பார்ப்பதில்லை; கை தானாகச் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலைகளுக்குத்தான் தாள் வேண்டும். அப்படிப்பட்ட வேலை வந்தால் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்று வழக்கம் வைத்தோம். ஒருவர் தாளை ஒரு வரி உரக்கப் படிப்பார். மற்றவர் அதைச் செய்துவிட்டு "ஆச்சு" என்பார். "ஆச்சு" என்று சொல்லாமல் அடுத்த வரியைப் படிக்கக் கூடாது. கையில் ஸ்பேனர் வைத்திருப்பவர் தாளைப் பார்க்க முடியாதல்லவா, அதற்காக.

புதிதாக ஒரு தாள் எழுதியதும் ஒரு ராத்திரி அதை அப்படியே விட்டுவிடுவேன். மறுநாள் இயந்திரம் ஓடாத நேரம் பார்த்து இரண்டு பேரை நிறுத்திப் படிக்கச் சொல்வேன். செய்பவர் எந்த வரியில் கையை நிறுத்திப் படிப்பவரின் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த வரி தெளிவாக இல்லை என்று அர்த்தம். எந்தச் சொல்லைக் காதில் வாங்காமலே கை போகிறதோ அந்தச் சொல் வேண்டாதது என்று அர்த்தம். முதலாவதைத் திருத்துவேன், இரண்டாவதை அடிப்பேன். இலக்கணம் நன்றாகப் படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

செய்து பார்ப்பதற்கு நான் பெரும்பாலும் கூப்பிடுவது டெல்லிபாபுவை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, ஆரம்பாக்கத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கி, தினம் ரயிலில் வேலைக்கு வந்து போனவர். வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் தாளில் "மூடியைக் கவனமாகத் திறக்கவும்" என்று எழுதியிருந்தேன். படித்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா டெல்லிபாபு?"

"தொறக்கறது தெரியுது சார். இந்தக் கவனமாகன்றத எப்டி செய்யறது? ஒரு தபா செஞ்சி காட்டுங்க, அப்டியே செய்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அறைக்குப் போய் எல்லாத் தாள்களையும் எடுத்து "கவனமாக" என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணினேன். நூற்று அறுபத்து மூன்று இடம். மூன்று வாரத்தில் அனைத்தையும் அடித்தேன். அடித்த இடங்களில் பாதிக்கு அந்தச் சொல்லுக்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. மீதிப் பாதிக்கு ஒன்றுமே தேவைப்படவில்லை.

இனி அந்த மூடி. ரப்பர் குழாய்களை நீராவியில் வேக வைக்கும் பெரிய இரும்பு உருளை ஒன்று இருந்தது. எல்லோரும் அதைக் குக்கர் என்பார்கள். உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். மின்சாரம் இருந்தால் ஆவி தானாக வடியும், மூடி தானாகத் திறக்கும். மின்சாரம் போனால் கையால் வடித்துக் கையால் திறக்க வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் குழாய் எல்லாம் வெந்து கருகிவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வராத வேலை. அதற்கு நான் எழுதிய தாளில் ஆறாவது வரியாகச் சோதனைக் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன். மூடியின் நடுவில் விரல் பருமனுக்கு ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைத் திறந்தால் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். பார்த்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். டெல்லிபாபுவை வைத்துப் படித்துச் சோதித்த தாள் அது. குணசேகரன் இரண்டு புள்ளி வைத்து, நான் இரண்டையும் திருத்தி முடித்த தாள்.

2012இல் தலைமை அலுவலகத்திலிருந்து புதிய படிவம் வந்தது. எல்லாத் தொழிற்சாலைகளிலும் தாள் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். நோக்கம் மேலே, வேலை நடுவில், எச்சரிக்கைகள் எல்லாம் கீழே ஒரு சிவப்புக் கட்டத்துக்குள். தணிக்கைக்கு ஒன்பது நாள் இருந்தது. குணசேகரனிடம் போய், நடுவில் இருப்பதைக் கீழே இறக்கினால் சரி வராது சார் என்றேன். கட்டம் அவர்களுடையது, சொல் மட்டும்தான் நம்முடையது என்றார். ஒன்பது நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் மாற்றினேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இல்லை. பழைய பிரதிகள் எல்லாவற்றையும் எண்ணி, கிழித்து, பாய்லர் பக்கத்தில் எரித்தோம். பழைய பிரதி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்ற விதியை எழுதியவனும் நான்தான்.

தணிக்கைக்கு வந்தவர் தாள்களைப் பார்த்து மிகவும் பாராட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

அந்தப் புதன்கிழமை குக்கர் பக்கத்தில் தாளைப் படித்தவர் ஏழுமலை என்ற ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்பேனர் பிடித்தவர் டெல்லிபாபு. வடிகால் வால்வைத் திறந்தார்கள். ஆவி வந்தது, பிறகு நின்றது. அழுத்தமானியின் முள் பூஜ்ஜியத்தைக் காட்டியது. உண்மையில் வடிகாலையும் மானிக்குப் போகும் மெல்லிய குழாயையும் ரப்பர்ச் சில்லு அடைத்திருந்தது. ஆவி வடியவில்லை, அடைபட்டு நின்றிருந்தது. புதிய தாளில் ஆறாவது வரி போல்ட்டைப் பற்றியது; ஏழுமலை அதைப் படித்தார். இரண்டு நாற்பதுக்கு டெல்லிபாபு மூன்றாவது போல்ட்டைத் தளர்த்தியபோது மூடியின் இடுக்கு வழியாக வெந்நீரும் ஆவியும் பீறிட்டன. முகக்கவசம் போட்டிருந்ததால் கண் தப்பியது. அதைச் சொன்னது ஐந்தாவது வரி. கையுறைக்கு மேலே இரண்டு கையும், கழுத்தும், மார்பில் பாதியும் வெந்துபோயின.

சென்னை ஆஸ்பத்திரியில் அவர் இருபத்தாறு நாள் இருந்தார். பதினைந்தாம் நாள் கட்டிலுக்கே குற்றப்பத்திரிகை போனது. ஒப்புதல் பெற்ற வழிமுறையின் பதினோராவது வரியை மீறி, சோதனைக் குழாயைத் திறந்து பார்க்காமல் போல்ட்டைத் தளர்த்தினார் என்று அதில் இருந்தது. அதற்குத் தண்டனை வேலை நீக்கம் வரை போகலாம். ஏழுமலைக்குக் குற்றப்பத்திரிகைகூடத் தேவைப்படவில்லை. விபத்துக்கு மறுநாளிலிருந்து வாசல் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு பஸ், ஒரு ரயில், ஒரு ஷேர் ஆட்டோ. டெல்லிபாபுவின் மனைவி சுகுணா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. டெல்லிபாபு கட்டுப் போட்ட கையால் தலையணைக்கு அடியில் இருந்த குற்றப்பத்திரிகையைக் காட்டினார்.

"சார், பதினோராவது வரின்னு போட்டுக்கீதே, அதுல இன்னா எழுதி இருந்தீங்க?"

சொன்னேன். அவர் யோசித்தார்.

"நாங்க அது வரிக்கும் போவவே இல்லியே சார்."

என்னைக் குத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். குத்தியது சுகுணாதான்.

"வேல போச்சுன்னா டப்புக்கு இன்னா சார் பண்றது? இவங்க நைனா மாதிரி ஏரிக்குப் போவட்டுமா, இந்தக் கைய வெச்சிக்கினு? நீங்க எழுதனத எழுதன மாதிரியே செஞ்சதுக்கா இது?"

கிளம்பினேன். அவருக்கு நான் தர வேண்டிய பதில் எழுத்தில்தான் இருந்தது. அன்று ராத்திரி வீட்டில் அந்தத் தாளைத் திருத்தினேன். புதிய படிவத்தில் ஆறாவது வரி, "பூட்டு வளையத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தவும்." கீழே சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த பதினோராவது வரி, "போல்ட்டுகளைத் தளர்த்தும் முன் சோதனைக் குழாயைத் திறந்து, ஆவியோ வெந்நீரோ வரவில்லை என்பதை உறுதி செய்யவும்." இரண்டும் சேர்ந்து பதினாறு சொல். அதை இப்படி மாற்றினேன்: ஆறு, "சோதனைக் குழாயைத் திறக்கவும்." ஏழு, "ஆவியோ வெந்நீரோ வந்தால் அத்தோடு நிறுத்தவும்." எட்டு, "எதுவும் வராவிட்டால் மட்டும் போல்ட்டுகளைத் தளர்த்தவும்." பதின்மூன்று சொல். வரி ஒன்று கூடியது, சொல் மூன்று குறைந்தது.

திங்கட்கிழமை காலை குணசேகரனிடம் கொண்டுபோனேன். கடிகாரத்தைக் கழற்றினார். கதவைச் சாத்தச் சொன்னார். விரலை நகர்த்தி மேலிருந்து கீழ்வரை படித்தார். பென்சிலை எடுக்கவே இல்லை. பதினாறு வருடத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் என் தாள் ஒன்று அவர் கையிலிருந்து திரும்பியது அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கு மாணிக்கம்" என்றார். "ஆனா நான் கையெழுத்து போட மாட்டேன்."

ஏன் என்று கேட்டேன். இப்போது திருத்தினால் முன்பு தவறாக இருந்தது என்று நாமே எழுதிக் கொடுத்தது போலாகும், விசாரணை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். தலைமை அலுவலகத்தின் வக்கீல் அப்படிச் சொல்லியிருக்கிறாராம்.

"அது வரைக்கும் கரண்ட் போகாதா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். "போனா யாரும் குக்கரத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"எழுதியா, வாயாலயா?"

அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். வாயால் சொன்னது கணக்கில் சேராது என்று பதினாறு வருடம் எனக்குச் சொல்லி வந்தவர் அவர்தான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. கேன்டீனுக்கு மேலே பயிற்சிக் கூடத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரியாக வந்தவர் திருவள்ளூரிலிருந்து வந்த வயதான வக்கீல். ஒவ்வொரு பதிலையும் தன் வாயால் மறுபடி சொல்லித் தட்டச்சு செய்ய வைப்பார். கம்பெனித் தரப்பில் பர்சனல் அதிகாரி கேள்வி கேட்டார். குணசேகரன் மூலையில் உட்கார்ந்திருந்தார். டெல்லிபாபு எதிரில், முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட முடியாமல் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

நான் கம்பெனித் தரப்புச் சாட்சி. இரண்டே கேள்வி, இரண்டுக்கும் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று பர்சனல் அதிகாரி முந்தின நாளே சொல்லிவைத்திருந்தார். இந்தத் தாளை எழுதியது நீங்களா? இதில் பதினோராவது வரி இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். போகலாம் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. விசாரணை நடத்திய வக்கீலிடம், ஒரு வரியை மட்டும் பதிவு செய்கிறீர்கள், என் தாள் முழுசாகப் பதிவாக வேண்டும், நானே படிக்கிறேன் என்றேன். பர்சனல் அதிகாரி அவசியமில்லை என்றார். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுதியவரே படிக்கிறேன் என்கிறார், இதில் என்ன நஷ்டம், படிக்கட்டும் என்றார்.

முதல் வரியைப் படித்தேன். "நீராவி வால்வை மூடவும்." நான் அடுத்த வரிக்குப் போவதற்குள் எதிரிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு."

சத்தியமாக நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அது பழக்கம். தாளை யாராவது படித்தால் டெல்லிபாபுவின் வாய் தானாக அதைச் சொல்லும். தட்டச்சுப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டாள். எழுதும்மா என்றார் வக்கீல்.

இரண்டாவது வரி. ஆச்சு. மூன்றாவது வரி, ஆவி நிற்கும்வரை காத்திருக்கவும். ஆச்சு. நான்காவது வரி, முள் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். ஆச்சு. ஐந்தாவது வரி, கையுறையும் முகக்கவசமும். ஆச்சு. இதற்குள் சிரிப்பவர் யாரும் இல்லை. டெல்லிபாபுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்.

"ஆறு. பூட்டு வளையத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தவும்."

டெல்லிபாபு தன் கைகளைப் பார்த்தார்.

"ஆச்சு சார்."

நான் தாளை மேஜை மேல் வைத்தேன். மேலே படியுங்கள் என்றார் வக்கீல்.

"படிக்க முடியாது சார். கேக்கறதுக்கு ஆள் இல்ல. அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. பதினொண்ணாவது வரிக்கு இன்னும் அஞ்சு வரி இருக்கு."

பிறகு வக்கீல் கேட்டார், அப்படியானால் தவறு யாருடையது என்று. எழுதிய வரிசை தவறு, எழுதியவன் நான், செய்தவர் எழுதியபடி செய்தார் என்றேன். எழுத்தில் இருக்கும் தவறுக்குப் படித்தவரைத் தண்டிக்க முடியாது, அடித்துத் திருத்தத்தான் முடியும், திருத்திய தாள் ஒரு மாதத்துக்கு மேலாகக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்றும் சொன்னேன். வக்கீல் இதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார். குணசேகரன் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடிகாரம் கையில்தான் இருந்தது.

அறிக்கை வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு அதுவரை பொறுமை இல்லை. திங்கட்கிழமையிலிருந்து மூன்று நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் மறுபடி படித்தேன். எப்போதாவது வருகிற வேலை, கீழே கட்டத்தில் தள்ளப்பட்ட எச்சரிக்கை, இரண்டும் சேர்ந்த தாள்கள் இருபத்திரண்டு. இருபத்திரண்டிலும் எச்சரிக்கையை அது நடக்க வேண்டிய இடத்துக்கு மேலே ஏற்றினேன். வாசலுக்கு எதிர்க் கடையில் தாளுக்கு இரண்டு வீதம் ஜெராக்ஸ் எடுத்தேன். வியாழக்கிழமை காலை ஷிப்டு மாறும் நேரத்தில் நானே பசை டப்பாவோடு போய் ஒவ்வொரு இயந்திரத்திலும் பழைய தாளின் மேல் ஒட்டினேன். ஒப்புதல் கையெழுத்து இருக்க வேண்டிய கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. மீதிப் பிரதிகளை அந்தந்தப் பிரிவில் வேலை செய்பவர்களிடமே கொடுத்தேன்.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் கிழித்துவிட்டார்கள். கிழிக்க வந்த செக்யூரிட்டிக்காரர் என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டே கிழித்தார். ஆனால் காலையிலேயே ஆட்கள் போனில் படம் எடுத்துவைத்திருந்தார்கள். சாயங்காலம் கையுறையைக் கழற்றிக்கொண்டே குக்கர் பிரிவில் ஒருவர் சொன்னார்: "பேஜாரு வேணா சார், கீச்சா கீச்சிக்கட்டும். இனிமே போன்ல பாத்துப் படிச்சிக்கினே செய்றோம்." மார்ச் மாதம் மறுபடி மின்சாரம் போனபோது அவர்கள் போனைப் பார்த்துப் படித்துத்தான் மூடியைத் திறந்தார்கள். சோதனைக் குழாயில் வெந்நீர் வந்தது. அத்தோடு நிறுத்தினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் விசாரணை அறிக்கை வந்தது. டெல்லிபாபு மேல் சாட்டிய குற்றம் நிரூபணமாகவில்லை. சம்பளம் குறையாமல் கிடங்கில் வேலை கொடுத்தார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். ஏழுமலையை எங்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன், நெல்லூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சாட்சி சொன்னதற்காக என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஒப்புதல் இல்லாத ஆவணங்களை இயந்திரங்களில் ஒட்டியதற்காக மெமோ கொடுத்தார்கள். பதில் எழுதினேன், ஒட்டியது உண்மை, மறுபடியும் ஒட்டுவேன் என்று இரண்டு வாக்கியம். இரண்டு இன்கிரிமென்டை நிரந்தரமாக நிறுத்தி உத்தரவு வந்தது. அதைக் கையில் வாங்கியதும் பழக்கத்தில் பென்சிலோடுதான் படித்தேன். குணசேகரன் எழுதிய உத்தரவு என்று இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. மூன்று பத்தி. எடுப்பதற்கு ஒரு சொல் இல்லை, சேர்ப்பதற்கும் ஒரு சொல் இல்லை. அவர் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதே வாரம் அந்த இருபத்திரண்டு தாள்களும் அவர் கையெழுத்தோடு திரும்ப ஒட்டப்பட்டன. தயாரித்தவர் கட்டத்தில் என் சுருக்கொப்பம் இல்லை, வேறொருவருடையது இருந்தது. அதைப் பற்றி நான் சண்டை போடவில்லை. வரி சரியான இடத்தில் இருந்தது.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒருவர் போனில் ஒரு தாள் அனுப்பினார். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஒரு நிமிடத்தில் மூன்று மொழியில் எழுதித் தருகிறதாம், பிழையே இல்லையாம், பாருங்கள் என்றார். பார்த்தேன். பிழை இல்லைதான். பதினாலு வரி, கீழே சிவப்புக் கட்டம், கட்டத்துக்குள் எச்சரிக்கை. கம்ப்யூட்டர் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. யாராவது ஒரு ஆள் ஸ்பேனரோடு நின்று, இன்னொருவர் இதைப் படிக்க, எங்கே கை நிற்கிறது என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கெல்லாம் ஏது நேரம் சார் என்றார். ஐந்தாவது வரிக்கு நேராக ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் புரியவில்லை என்று எழுதினார். எழுதியவர் கண்டுபிடிக்கட்டும் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்து மனம் கேட்காமல் போன் செய்து, எச்சரிக்கையை ஐந்துக்கு முன்னால் ஏற்றச் சொன்னேன். ஏற்றினாரா என்று தெரியவில்லை. நாளைக்கு மறுபடி கேட்பேன்.

மலரைத் தொகுக்கும் நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார்: வருத்தமான சம்பவம், கடைசியில் தொகையெல்லாம் எழுதினால் கணக்குப் பார்த்தது போல் இருக்காதா? இருக்கும். கணக்குப் பார்த்தேன். எழுத்தைத் திருத்துவது சும்மா கிடைக்கிற வசதி என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். நிறுத்திய இரண்டு இன்கிரிமென்டும் சேர்ந்து மாதம் ஆயிரத்து எழுநூறு. 2015 ஏப்ரலிலிருந்து நான் ஓய்வு பெற்ற 2022 ஜூலை வரை எண்பத்தெட்டு மாதம், ஒரு லட்சத்து நாற்பத்து ஒன்பதாயிரத்து அறுநூறு. அதற்குக் கம்பெனி கட்டியிருக்க வேண்டிய பி.எஃப். பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. முப்பத்தோரு வருடப் பணிக்கொடையில் குறைந்தது முப்பதாயிரத்து நானூற்று நான்கு. வட்டி சேர்க்கவில்லை. இருபத்திரண்டு தாள், தாளுக்கு இரண்டு பிரதி, பிரதி ஒரு ரூபாய், ஜெராக்ஸ் கடைக்கு நான் கொடுத்த நாற்பத்து நான்கு. கூட்டினால் சில்லறை இல்லாமல் முழுசாக வந்தது. அப்படி வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும், அதனால் இன்னும் இரண்டு முறை கூட்டினேன். ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் ரூபாய்.